புதிய தொட்டி கட்டும் முன்: குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அளந்து பார்த்துச் சீர்செய்யும் முறை

குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்ற புகார் பெருகியதும் எழும் முதல் பேச்சு, "நிலையம் போதவில்லை, இன்னும் இரண்டு வடிகட்டி கட்ட வேண்டும்" என்பதுதான். அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இருக்கும் தொட்டிகளும் வடிகட்டிகளும் முழுத் திறனோடு ஓடுகின்றனவா என்று அளந்து பார்க்காமல் எடுக்கும் கட்டுமான முடிவு, பழைய தவறுகளையே புதிய கட்டடத்திலும் தொடரவிடும். படிகார அளவைத் தவறாகப் போடும் நிலையத்தில் ஐந்தாவது வடிகட்டி கட்டினால், அந்த ஐந்தாவதும் கலங்கலைத்தான் விடும்.

ஆறு, ஏரி, அணை நீரை எடுத்து, படிகாரம் கலந்து, நுண்துகள்களைத் திரளாக்கி, படியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்பும் வழக்கமான நிலையத்துக்கானது இந்த வழிமுறை. கணக்குகள் புரிய ஒரு மாதிரி நிலையத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: நாளொன்றுக்கு 12,000 கன மீட்டர் (1.2 கோடி லிட்டர்) நீர், 40 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட படிவுத் தொட்டி, தலா 30 சதுர மீட்டர் பரப்புள்ள நான்கு மணல் வடிகட்டிகள். உங்கள் நிலையத்தின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த இலக்கை வைத்து அளப்பது?

கலங்கலை அளக்கும் அலகு என்டியு. நல்ல நிலையத்துக்கு நாம் வைக்கும் இலக்குகள் இவை. ஒவ்வொரு வடிகட்டியிலிருந்தும் வெளிவரும் நீர், ஆண்டின் 95 சதவீத நாட்களில் 0.1 என்டியுவுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் அன்றைய சராசரியை வைத்து அல்ல, அன்றைய உச்ச அளவை வைத்து. வடிகட்டியைக் கழுவி மீண்டும் ஓடவிடும்போது 0.3-ஐத் தாண்டாமல், 15 நிமிடத்துக்குள் 0.1-க்குத் திரும்ப வேண்டும். படிவுத் தொட்டியை விட்டு வெளிவரும் நீர், மூலநீரின் ஆண்டுச் சராசரி 10 என்டியுவுக்கு உட்பட்டிருந்தால் 1-க்குள்ளும், அதற்கு மேல் இருந்தால் 2-க்குள்ளும் இருக்க வேண்டும்.

சட்டம் கேட்பதைவிட இது கடுமையாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் கூடு 4 முதல் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுதான். வழக்கமாகப் போடும் குளோரினுக்கு அது சாவதில்லை. இத்தகைய நிலையத்தில் அதைத் தடுப்பது முக்கியமாக வடிகட்டிதான். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரு நிலையத்தின் வடிகட்டிய நீரில் கலங்கல் 1.7 என்டியு வரை ஏறிய நாட்களில் இந்தக் கிருமி ஊருக்குள் போனது. சுமார் 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். 1.7 என்டியு நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் யாருக்கும் தெளிந்த நீராகத்தான் தெரியும். அதனால்தான் கண்ணை நம்பாமல் கருவியை நம்புகிறோம்.

முதல் வேலை: ஓராண்டுப் பதிவேடு

கடந்த 12 மாதப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: மூலநீரின் உச்சக் கலங்கல், படிந்த நீரின் உச்சக் கலங்கல், ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனியாக வெளிநீரின் உச்சக் கலங்கல். பின்பு ஒவ்வொரு வரிசையையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 365-இல் 347-ஆவது எண்ணைப் பாருங்கள். அதுதான் 95 சதவீத அளவு. அதற்கு மேலே இருக்கும் 18 நாட்கள் மோசமான நாட்கள். அந்தத் தேதிகளைத் தனியாகக் குறித்து, அன்று மழையா, மின்தடையா, ஆள் மாற்றமா, பம்பு மாற்றமா என்று தேடுங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மூன்று வரிகளையும் ஒரே வரைபடத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்தால் இன்னொன்றும் தெரியும். மூலநீர் ஏறும்போதெல்லாம் படிந்த நீரும் கூடவே ஏறுகிறது என்றால், படிகாரக் கட்டுப்பாடு சரியில்லை. மூலநீரும் படிந்த நீரும் அமைதியாக இருக்க, வடிகட்டிய நீர் மட்டும் அவ்வப்போது துள்ளினால், கோளாறு வடிகட்டியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

எல்லா வடிகட்டி நீரும் சேர்ந்த இடத்தில் மட்டும் கலங்கல் எடுக்கும் வழக்கம் இருந்தால் அதை உடனே மாற்றுங்கள். மூன்று வடிகட்டிகள் 0.08, ஒன்று 0.8 என்று ஓடினால், சேர்ந்த நீர் 0.26 காட்டும். பார்ப்பவருக்கு அது பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் ஊருக்குப் போகும் தண்ணீரில் கால் பங்கு, உடைந்த தடுப்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எண்களை நம்பலாமா?

பதிவேட்டில் மாதம் முழுக்க 0.2, 0.2, 0.2 என்று ஒரே எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கை நீர் அப்படி நடந்துகொள்ளாது. கருவி நின்றிருக்கலாம், அல்லது அளக்காமலே எழுதியிருக்கலாம். 2000-ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டன் ஊரில் ஈ.கோலை பாக்டீரியா கலந்த நீரைக் குடித்து 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். குளோரின் அளவை அளக்காமலே பதிவேட்டில் எழுதிவந்தது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. பதிவேட்டைச் சரிபார்க்கும்போது, மோசமான எண்ணை எழுதினால் திட்டு விழும் என்ற பயம் ஆபரேட்டருக்கு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அந்தப் பயம் இருக்கும் இடத்தில் உண்மையான எண் கிடைக்காது.

கலங்கல்மானியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபார்மசின் என்ற, கலங்கல் அளவு முன்பே தெரிந்த கரைசலால் அளவுதிருத்தி, வாரம் ஒருமுறை கருவியோடு வரும் சோதனைக் குப்பியால் சரிபார்க்க வேண்டும். மாதிரிக் குப்பியில் கீறல், விரல்ரேகை, உள்ளே ஒட்டிய காற்றுக்குமிழி மூன்றுமே 0.1 என்ற அளவில் முடிவைக் கெடுக்கும். தொடர்ந்து ஓடும் கருவியாக இருந்தால், மாதிரி நீர் வரும் குழாயின் நீளத்தையும் ஓட்டத்தையும் பாருங்கள். மெல்லிய ஓட்டத்தில் நீண்ட குழாய் வழியாக வரும் நீர், பத்து நிமிடத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்லும்.

ஓட்டமானியையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து அளவு எல்லாம் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வடித்த நீரைச் சேமிக்கும் தெளிநீர்த் தொட்டியின் வெளியேற்றத்தை நிறுத்திவிட்டு, நீர்மட்டம் அரை மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். பரப்பால் பெருக்கினால் உண்மையான ஓட்டம் தெரியும். மானி காட்டுவதோடு 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மற்ற கணக்குகளுக்குப் போகும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

தொட்டிகள் போதுமா என்ற கணக்கு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நாளின் மொத்த நீரை 24-ஆல் வகுத்துச் சராசரி ஓட்டம் எடுக்கிறார்கள். தொட்டிக்குச் சராசரி தெரியாது. அந்த நிமிடத்தில் உள்ளே வரும் ஓட்டம்தான் அதற்குத் தெரியும். ஆகவே உச்ச ஓட்டத்தை எடுங்கள்.

மாதிரி நிலையம் 12,000 கன மீட்டரை 16 மணி நேரத்தில் ஓட்டி முடிக்கிறது என்றால், ஓட்டம் மணிக்கு 750 கன மீட்டர். படிவுத் தொட்டியின் பரப்பு 480 சதுர மீட்டர். மேற்பரப்புச் சுமை, அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் ஏற்கும் ஓட்டம், 750-ஐ 480-ஆல் வகுத்தால் மணிக்கு 1.56 மீட்டர், அதாவது நாளுக்கு 37.5 மீட்டர். படிகாரத் திரளுக்கு இது அதிகம். அதே நீரை 20 மணி நேரத்தில் ஓட்டினால் ஓட்டம் 600. சுமை நாளுக்கு 30 மீட்டர். 24 மணி நேரமும் ஓட்டினால் 25 மீட்டர்தான். ஒரு செங்கல்கூட வைக்காமல் தொட்டி பாதி மடங்கு பெரிதான மாதிரி. கூடுதல் ஷிஃப்டுக்கு ஆள் போடும் செலவு, புதிய தொட்டி கட்டும் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. இந்த ஒரு மாற்றத்தை முதலில் யோசியுங்கள் என்று அழுத்திச் சொல்கிறோம்.

வடிகட்டிக்கும் அதே கணக்கு. மணிக்கு 600 கன மீட்டரை 120 சதுர மீட்டரால் வகுத்தால் மணிக்கு 5 மீட்டர். சாதாரண மணல் வடிகட்டிக்கு இது சரியான வேகம். மேலே ஆந்த்ரசைட் கரியும் கீழே மணலும் உள்ள இரட்டைப் படுகை, மற்றவை ஒழுங்காக இருந்தால், 10 வரைகூடத் தாங்கும். ஆனால் ஒன்றைக் கழுவும் நேரத்தில் மீதி மூன்றும் சுமக்க வேண்டும்: 600-ஐ 90-ஆல் வகுத்தால் 6.7. மணிக்கு 750 ஓட்டத்தில் இது 8.3 ஆகிவிடும். கழுவும் நேரத்தில் மற்ற வடிகட்டிகளில் கலங்கல் துள்ளுவதற்கு இதுவே காரணம்.

திரளாக்கும் தொட்டியின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்து, 20 முதல் 30 நிமிடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு 600 ஓட்டத்துக்கு 300 கன மீட்டர் தொட்டி இருந்தால் 30 நிமிடம்.

படிகாரம்: எல்லாமே இங்கே தொடங்குகிறது

வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முன்னால் படிகாரம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் நுண்துகள் மணலை ஊடுருவிப் போய்விடும். மூலநீர் தெளிவாக இருக்கும் மாதங்களில் படிகாரத்தை நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மிக ஆபத்தான சிக்கனம் அது. கலங்கல் குறைவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது.

முதலில், போடுவதாக நினைக்கும் அளவுதான் உண்மையில் போகிறதா என்று பாருங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் வேண்டும், ஓட்டம் மணிக்கு 600 கன மீட்டர் என்றால், மணிக்கு 18 கிலோ படிகாரம் போக வேண்டும். கரைசல் 10 சதவீதமாக இருந்தால் ஒரு லிட்டரில் 100 கிராம். ஆக மணிக்கு 180 லிட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர். மருந்து பம்பின் வாயில் அளவு ஜாடியைப் பிடித்து ஒரு நிமிடம் நிரப்பிப் பாருங்கள். 3 லிட்டருக்குப் பதில் 2 லிட்டர்தான் வருகிறது என்றால் குழாயில் அடைப்பு, வால்வில் கசடு, அல்லது கரைசல் தொட்டியின் அடியில் கரையாத கட்டிகள். இந்தச் சோதனையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருமுறை செய்ய வைத்தாலே பல நிலையங்களின் தலையெழுத்து மாறும்.

எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு ஜார் டெஸ்ட், அதாவது ஜாடிகளில் வெவ்வேறு அளவு மருந்து போட்டு ஒப்பிடும் சோதனை. சரியாகச் செய்யும் முறை இது. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 1 மில்லி, ஒரு லிட்டர் நீரில் சேர்த்தால் 10 மில்லிகிராம் அளவு. கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். ஆறு ஜாடிகளில் அப்போதே பிடித்த மூலநீரை ஒரு லிட்டர் வீதம் நிரப்பி, 15, 20, 25, 30, 35, 40 என்ற அளவுகளை ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். நிமிடத்துக்கு 100 சுற்றுக்குக் குறையாமல் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பின் 30 சுற்றில், உங்கள் திரளாக்கும் தொட்டியில் நீர் தங்கும் அதே நேரம் மெதுவாகச் சுழலவிடுங்கள்.

அடுத்த படியில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். சுழலை நிறுத்தி, 30 நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு "எல்லா ஜாடியும் நன்றாக இருக்கிறதே" என்கிறார்கள். அரை மணி நேரம் அசையாமல் நின்றால் எதுவும் படியும். உங்கள் தொட்டியில் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டுமானால், அதன் மேற்பரப்புச் சுமைக்குத் தக்க நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும். நாளுக்கு 30 மீட்டர் என்பது நிமிடத்துக்கு 2.08 சென்டிமீட்டர். நீர்மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மாதிரி எடுப்பதானால், 10-ஐ 2.08-ஆல் வகுத்து, 4 நிமிடம் 48 நொடியில் எடுங்கள். 37.5 மீட்டர் சுமைக்கு 3 நிமிடம் 50 நொடி. அப்போது எடுத்த மாதிரியின் கலங்கல்தான் உங்கள் தொட்டி தரப்போகும் கலங்கலுக்கு அருகில் இருக்கும். பின்பு தொட்டியின் உண்மையான வெளிநீரோடு ஒப்பிடுங்கள். ஜாடியில் 1.2, தொட்டியில் 4 என்றால், மருந்து அளவு சரி. கலக்கும் இடத்திலோ தொட்டியிலோதான் குறை.

காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனை, மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். மூலநீரின் காரத்தன்மை லிட்டருக்கு 25 மில்லிகிராம், படிகாரம் 30 என்றால், மிஞ்சுவது 10 மட்டுமே. பிஹெச் சரிந்து, திரள் உருவாகாது. மழைவெள்ளம் வரும்போது கலங்கல் ஏறும், காரத்தன்மை குறையும். ஆபரேட்டர் படிகாரத்தைக் கூட்டக் கூட்ட நீர் இன்னும் மோசமாகும் புதிருக்கு விடை இதுதான். நீற்றுச் சுண்ணாம்பு ஒரு மில்லிகிராம் சேர்த்தால் காரத்தன்மை 1.35 மில்லிகிராம் கூடும். படிகாரம் நன்றாக வேலை செய்வது பிஹெச் 6-க்கும் 7.5-க்கும் இடையில். அதற்கு மிக மேலே போனால் அலுமினியம் கரைந்த நிலையிலேயே வடிகட்டியைக் கடந்து, பிறகு குழாய்களில் வெண்மையாகப் படியும்.

படிகாரம் விழும் இடத்தையும் போய்ப் பாருங்கள். நீர் கொந்தளிக்கும் இடத்தில் விழ வேண்டும். அதன் வேதிவினை ஒரு நொடிக்குள் தொடங்கிவிடுகிறது. சுவரோரம் அமைதியான நீரில் ஒழுகிக்கொண்டிருந்தால் பாதி மருந்து வீண். குழாயை ஓரடி நகர்த்துவதே தீர்வாக முடிவதுண்டு.

திரளும் படிவும்

திரளாக்கும் தொட்டியின் முதல் அறையில் வேகமாகவும் கடைசி அறையில் மெதுவாகவும் துடுப்பு சுழல வேண்டும். கடைசி அறையில் குண்டூசித் தலை அளவு திரள் தெரிந்தால் போதும். பெரிய பஞ்சுப்பொதி போன்ற திரள் அழகாக இருக்கும், ஆனால் உடைந்துவிடும். திரளாக்கும் தொட்டியிலிருந்து படிவுத் தொட்டிக்குப் போகும் வழியில் நீர் அருவியாக விழுந்தாலோ, குறுகிய துளையில் சீறினாலோ, கட்டிய திரள் அங்கேயே நொறுங்கும்.

படிவுத் தொட்டியில் வழிந்தோடும் விளிம்பு நெடுகிலும் ஐந்தாறு இடங்களில் மாதிரி எடுங்கள். ஒரு மூலையில் 1, மறு மூலையில் 5 என்றால் நீர் குறுக்குவழி பிடித்து ஓடுகிறது. விளிம்பை மட்டப்பலகை வைத்துச் சமன்செய்யுங்கள், நுழைவுத் தடுப்புச் சுவரின் துளைகளில் அடைப்பு நீக்குங்கள். அடியில் கசடு எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று கழி விட்டுப் பாருங்கள். மேலே குமிழியும் மிதக்கும் கசடும் தெரிந்தால், அடியில் அழுகத் தொடங்கிவிட்டது; கசடு வெளியேற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

வடிகட்டி: மூடிய பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஒரு வடிகட்டியின் உண்மையான வேகத்தைத் தெரிந்துகொள்ள உள்வரும் வால்வை மூடி, வெளியேற்றத்தை விட்டுவிட்டு, நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 72 நொடி என்றால் மணிக்கு 5 மீட்டர். நான்கு வடிகட்டிகளுக்கும் செய்தால், ஒன்று 7 மீட்டரிலும் இன்னொன்று 3 மீட்டரிலும் ஓடுவது தெரியவரலாம். கட்டுப்பாட்டு வால்வு பழுதான நிலையத்தில் இது சாதாரணம்.

கழுவும் வேகத்துக்கும் அதே வழி. கழுவு நீர் ஏறும்போது, வழியும் காடிக்குக் கீழே 10 சென்டிமீட்டர் ஏற 10 நொடி ஆனால் மணிக்கு 36 மீட்டர். காற்று இல்லாமல் நீரால் மட்டும் கழுவும் மணலுக்கு 36 முதல் 50 வரை வேண்டியிருக்கும். வேகத்தைவிட மணல் எவ்வளவு விரிகிறது என்பதே முக்கியம்: 20 முதல் 30 சதவீதம். 70 சென்டிமீட்டர் மணல், கழுவும்போது குறைந்தது 14 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். அளக்க, ஒரு கழியில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு குப்பிகளைக் கட்டி, மணல் மட்டத்தில் ஊன்றிக் கழுவுங்கள். எந்தக் குப்பிவரை மணல் விழுந்திருக்கிறதோ அதுவே விரிவு. நீர் சூடாக இருக்கும் காலத்தில் அதன் பிசுபிசுப்பு குறைவு என்பதால் அதே விரிவுக்கு அதிக வேகம் தேவை. குளிர்காலத்தில் நிர்ணயித்த வால்வுத் திறப்பையே கோடையிலும் வைத்திருந்தால் கழுவல் அரைகுறையாகும்.

கழுவுநீரை நிமிடத்துக்கு ஒருமுறை பிடித்துக் கலங்கல் பாருங்கள். 10 முதல் 15 என்டியு வந்ததும் நிறுத்திவிடலாம். பளிங்குபோல வரும்வரை கழுவுவது நீரை வீணாக்குவது மட்டுமல்ல. மணலின் மேல் ஒட்டியிருக்கும், துகளைப் பிடிக்க உதவும் மெல்லிய பூச்சையும் நீக்கிவிடும். அப்படிக் கழுவிய வடிகட்டி தெளிய நேரமெடுக்கும்.

கழுவிய பின் மீண்டும் ஓடவிடும் முதல் அரைமணி நேரம், வடிகட்டியின் வாழ்க்கையிலேயே மிக மோசமான நேரம். நிமிடத்துக்கு ஒருமுறை கலங்கல் எடுத்து வரைபடமாக்குங்கள். உச்சம் 0.3-ஐத் தாண்டினால் செய்யக்கூடியவை: கழுவலின் கடைசி நிமிடங்களில் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது, கழுவியதும் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத் திறப்பது, வால்வை ஒரே மூச்சில் திறக்காமல் 15 நிமிடத்தில் மெல்லத் திறப்பது, குழாய் அமைப்பு இருந்தால் முதல் நீரைக் கழிவுக்கு விடுவது. ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஒரே நாளில் நான்கையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

நிறுத்திவைத்த அழுக்கு வடிகட்டியைக் கழுவாமல் மீண்டும் ஓடவிடக் கூடாது. பம்பு நின்று கிளம்பும் அதிர்ச்சியில், பிடித்து வைத்த அழுக்கை அது மொத்தமாகக் கீழே விட்டுவிடும். இதை நிலைய விதியாகவே எழுதி ஒட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு வடிகட்டியையும் வடியவிட்டு உள்ளே பாருங்கள். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். மணலை மிதித்து அழுத்தாதீர்கள். விரிசல், சுவரை விட்டு மணல் விலகிய இடைவெளி, மேடு பள்ளம், சேற்று உருண்டை, இவற்றில் எது இருந்தாலும் கழுவல் சரியில்லை. ஒன்றரை மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கட்டம் போட்டு, மெல்லிய இரும்புக் கம்பியைக் கூழாங்கல் தட்டும்வரை இறக்கி ஆழத்தை எழுதுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் கூழாங்கல் அடுக்கு கலைந்திருக்கிறது, கீழே கழுவுநீர் வரும் நாசில் (துளைமுனை) உடைந்திருக்கலாம். அந்த வடிகட்டிக்குப் படுகையைத் திறந்து சரிசெய்வதைத் தவிர வழியில்லை.

மணல் எவ்வளவு அழுக்கு என்பதற்கும் எளிய சோதனை உண்டு. கழுவியபின், பல ஆழங்களில் இருந்து 50 கிராம் வீதம் மணல் எடுத்து, 100 மில்லி நீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி, கலங்கிய நீரை வேறு பாத்திரத்தில் வடியுங்கள். ஐந்து முறை செய்தால் 500 மில்லி சேரும். அதன் கலங்கலை 2-ஆல் பெருக்குங்கள். 30 முதல் 60 வந்தால் சுத்தம். 120 வரை பரவாயில்லை. அதற்கு மேல் அழுக்கு. 300-ஐத் தாண்டினால் சேற்று உருண்டைகள் இருக்கின்றன. 30-க்கும் குறைவு என்றால் தேவைக்கு மேல் கழுவுகிறீர்கள்.

குளோரின்

குளோரினைக் கணக்கிட இரண்டே எண்கள்: எஞ்சிய அளவும் தொடர்பு நேரமும். உலக சுகாதார அமைப்பு சொல்வது, பிஹெச் 8-க்குக் கீழே, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாத தனி குளோரின் (வேறு பொருளோடு சேராமல் நீரில் எஞ்சி நிற்கும் குளோரின்). குழாய்முனையில் 0.2-க்குக் குறையக் கூடாது.

ஏமாற்றுவது அந்த 30 நிமிடம்தான். தெளிநீர்த் தொட்டி 1,000 கன மீட்டர் என்று சுவரில் எழுதியிருக்கும். காலை உச்ச நேரத்தில் மட்டம் இறங்கி 600 கன மீட்டர்தான் இருக்கும். மணிக்கு 600 ஓட்டத்துக்கு 60 நிமிடம் என்று நினைப்பீர்கள். ஆனால் உள்ளே தடுப்பே இல்லாத தொட்டியில், முதலில் வெளியேறும் நீர் நேராகக் குறுக்கே பாய்ந்துவிடும். பலனாகும் நேரம் பத்தில் ஒரு பங்கு, வெறும் 6 நிமிடம். பாம்புபோல வளைந்து செல்லத் தடுப்புச் சுவர்கள் வைத்தால் அது பாதியளவு, 30 நிமிடம் ஆகிவிடும். தடுப்பு வைப்பதும் மட்டம் இறங்கவிடாமல் காப்பதும், குளோரினைக் கூட்டிப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

பிளீச்சிங் பவுடர் போடும் இடங்களில் இன்னொரு சிக்கல். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 12,000 கன மீட்டருக்கு 24 கிலோ குளோரின் வேண்டும். 30 சதவீதப் பவுடரில் 80 கிலோ. வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து 20 சதவீதமாகத் தேய்ந்த பவுடரில் 120 கிலோ. மூட்டையைத் திறக்கும்போதெல்லாம் வலிமையைச் சோதியுங்கள், முதலில் வந்ததை முதலில் தீருங்கள்.

காரணங்களை வரிசைப்படுத்துதல்

இவ்வளவும் அளந்த பின், கண்ட குறைகளை நான்கு கூடைகளில் போடுங்கள்: நிர்வாகம், வடிவமைப்பு, இயக்கம், பராமரிப்பு. ஒவ்வொன்றுக்கும், இது தொடர்ந்து தரத்தைக் கெடுக்கிறதா, எப்போதாவதா, சிறிதளவா என்று மூன்று படித்தரம் கொடுங்கள். முப்பது குறைகள் எழுதலாம். முதல் படித்தரத்தில் மூன்றோ நான்கோதான் நிற்கும். அவற்றில் இரவு ஷிஃப்டில் ஒரே ஆள், ஜார் டெஸ்ட் கருவி அலமாரியில் பூட்டியிருப்பது, மருந்து அளவை மாற்ற ஆபரேட்டருக்கு அதிகாரமில்லாதது போன்ற நிர்வாகக் காரணங்கள் வந்தால் எழுதத் தயங்காதீர்கள். ஆபரேட்டர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "மூலநீர் திடீரென்று 200 என்டியு ஆனால் என்ன செய்வீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு நான்கு பேர் நான்கு பதில் சொன்னால், எழுதிவைத்த நடைமுறை இல்லை என்று அர்த்தம்.

திருத்தங்களைச் சிறு சோதனைகளாகச் செய்யுங்கள். என்ன எதிர்பார்க்கிறோம், எதை மாற்றுகிறோம், எதை அளப்போம், எத்தனை நாள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு வடிகட்டியில் மட்டும் செய்து, பக்கத்து வடிகட்டியோடு ஒப்பிடுங்கள். பலன் தந்தால் அதை நடைமுறைத் தாளாக்கி எல்லா ஷிஃப்டுக்கும் கற்றுக்கொடுங்கள். ஜார் டெஸ்ட் முடிவுகளைச் சேர்த்து, மூலநீர்க் கலங்கலும் காரத்தன்மையும் ஒருபக்கம், படிகார அளவு மறுபக்கம் என்று ஒரு பட்டியல் தயாரித்து மருந்து அறையில் ஒட்டினால், நள்ளிரவு வெள்ளத்தின் முதல் மணி நேரத்துக்கு அது கைகொடுக்கும்.

இத்தனையும் செய்து, 24 மணி நேர ஓட்டத்திலும் மேற்பரப்புச் சுமை அதிகமாக இருந்து, ஒரு வடிகட்டி நின்றால் மற்றவை தாங்காது என்று கணக்கு காட்டினால், அப்போது புதிய தொட்டிக்கான திட்ட அறிக்கையை எழுதத் தொடங்கலாம். ஓராண்டுப் பட்டியலும் இந்த அளவீடுகளும் அதில் முதல் இணைப்பாகப் போகட்டும்.